யார்க் நகரின் ‘கிங்ஸ் ஆர்ம்ஸ்’: வெள்ளம் புகுந்து பழகிய ஆற்றங்கரை பப்

கேள்வி இதுதான்: இங்கிலாந்தின் யார்க் நகரில், ஊஸ் ஆற்றங்கரையில் ‘கிங்ஸ் ஆர்ம்ஸ்’ என்று ஒரு பழைய பப் இருக்கிறது. ஜன்னல் வரை தண்ணீர் நிற்கும் அதன் படம் மழைக்காலம்தோறும் செய்தியில் வருகிறது. அது உண்மையிலேயே நானூறு வருஷத்துப் பப்பா? இத்தனை முறை மூழ்கியும் எப்படி நடத்துகிறார்கள்?

சுருக்கமான பதில்: கட்டடத்துக்கு நானூறு வயது. பப்புக்கு அவ்வளவு இல்லை. பெயரும் இடையில் ஒரு நூற்றாண்டு காணாமல் போய்த் திரும்பி வந்தது. ஆங்கிலேயப் பப்களின் பலகையில் ‘1600 முதல்’ என்று எழுதியிருந்தால், அது கட்டடத்தின் வயதா, மது விற்க உரிமம் கிடைத்த வயதா, பெயரின் வயதா என்று முதலில் கேட்க வேண்டும். மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மூன்றில் எது மூத்ததோ அதைத்தான் பலகையில் போடுவார்கள், வியாபாரம் அப்படித்தான்.

முதலில் இடம். பப் நிற்கும் கரைக்கு ‘கிங்ஸ் ஸ்டெய்த்’ என்று பெயர். ஸ்டெய்த் என்பது வைக்கிங்குகள் விட்டுப்போன நார்ஸ் மொழிச் சொல். நம் ‘துறை’க்கு நேரான சொல், படகு கட்டிச் சரக்கு இறக்கும் இடம். இன்று ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நடக்கும் கல்பாவிய கரை, ஒரு காலத்தில் நகரத்தின் துறைமுகம். கடலிலிருந்து இவ்வளவு உள்ளே இருக்கும் ஊருக்குத் துறைமுகமா என்று தோன்றலாம். ஊஸ் ஆற்றில் அன்று கடல் ஓதம் யார்க் வரைக்கும் ஏறி வந்தது. ஓதத்தோடு படகும் ஏறி வரும். ஊருக்குக் கீழே நேபர்ன் என்ற இடத்தில் 1757-ல் அணையும் மதகுக் கால்வாயும் கட்டியபின் ஓதம் அங்கேயே நின்றுவிட்டது. அதன் பிறகு யார்க்கின் நீர்மட்டத்தை மேலிருந்து வரும் ஆறு மட்டுமே தீர்மானிக்கிறது. வெள்ளக் கணக்குப் பார்க்கும்போது இதை மறக்கக் கூடாது.

பப்புக்கு அருகிலேயே ஊஸ் பாலம். பல நூற்றாண்டுகளுக்கு நகரத்துக்குள் ஆற்றைக் கடக்க இருந்த ஒரே பாலம் அதுதான். அதன் மேலேயே தேவாலயம், நகரசபைக் கூடம், சிறை, கடைகள் எல்லாம் இருந்தன. 1564-65 குளிர்காலத்தில் பனியும் வெள்ளமும் சேர்ந்து பாலத்தின் நடுப்பகுதியை அடித்துக்கொண்டு போயின. அதை மீண்டும் கட்டியபோது, இனி தூண்களில் பனிக்கட்டி முட்டக் கூடாது என்று நடுவில் 81 அடி அகலத்துக்கு ஒரே வளைவாக எழுப்பினார்கள். இப்போது நாம் பார்க்கும் பாலம் 1810-க்கும் 1820-க்கும் இடையில் கட்டியது. ஆக, கிங்ஸ் ஆர்ம்ஸ் கட்டடம் எழுந்த 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சந்தை, நீதி, சரக்கு எல்லாம் கூடும் முக்கில்தான் அது எழுந்தது. அப்படிப்பட்ட இடத்தில் குடியிருக்க மட்டும் யாரும் கட்டியிருக்க மாட்டார்கள். உள்ளே குறுக்குச் சுவர்கள் இல்லாத அமைப்பைப் பார்த்து, கிடங்காகவோ சுங்கச்சாவடியாகவோ கட்டியிருக்கலாம் என்பார்கள். ஊகம்தான், ஆனால் பொருத்தமான ஊகம். தூக்கிலிட்டவர்களின் உடலை இங்கே கிடத்தினார்கள், ராத்திரியில் சத்தம் கேட்கும் என்கிற கதைகளை ஒதுக்கிவிடுங்கள். இங்கிலாந்தில் ஆற்றங்கரையில் பழைய கட்டடம் இருந்தால் பேயும் கூடவே குடியிருக்கும்.

துறை என்றால் சுமைதூக்கிகளும் படகோட்டிகளும் இருப்பார்கள். அவர்கள் இருந்தால் பீர் விற்பவரும் இருப்பார். பப்புக்குப் பின்னால் கரையிலிருந்து ஊருக்குள் ஏறும் மூன்று குறுகிய சந்துகளை ‘வாட்டர் லேன்ஸ்’ என்பார்கள். ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த, நோயும் சண்டையும் மிகுந்த பகுதி. 19ஆம் நூற்றாண்டில் அவற்றை இடித்து அகலத் தெருக்களாக்கினார்கள். பப் இருக்கும் மூலையில் வந்து முடியும் கிங் ஸ்ட்ரீட் அப்படி வந்ததுதான். 1839-ல் ரயில் யார்க்குக்கு வந்ததும் துறையின் தொழில் மெல்லச் சரிந்தது. சுற்றி இருந்ததெல்லாம் போய், இந்தக் கட்டடம் நின்றது. இன்று அது தனித்துப் பழமையாகத் தெரிவதற்கு இதுவும் காரணம்.

‘கிங்ஸ் ஆர்ம்ஸ்’ என்ற பெயரோடு இது பப்பாகத் தெரியவருவது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். (இங்கே ‘ஆர்ம்ஸ்’ என்பது கையும் இல்லை, ஆயுதமும் இல்லை, அரசரின் மரபுச் சின்னம், இலச்சினை.) 19ஆம் நூற்றாண்டில் பெயர் ‘ஊஸ் பிரிட்ஜ் இன்’ என்று மாறியது. 1970-களில்தான் பழைய பெயருக்குத் திரும்பினார்கள். 1900-த்தில் ஒருவர் கரையில் நின்று கிங்ஸ் ஆர்ம்ஸ் எங்கே என்று கேட்டிருந்தால் இந்தக் கட்டடத்தைக் காட்டியிருக்க மாட்டார்கள்.

இந்த வகைச் சோதனையை எந்த ஆங்கிலேயப் பப்புக்கும் நீங்களே செய்யலாம். பப்பின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் வழி தவறும்; மனையைப் பிடித்துக்கொண்டு, இன்றிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும்.

முதல் படி, 1910-ன் நிதிச் சட்டத்துக்காக நாடு முழுக்க எடுத்த நில மதிப்பீடு. அதன் களப் பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. உரிமையாளர் யார், குத்தகை யாருக்கு, கட்டடம் எந்த நிலையில் இருந்தது என்று அறை வாரியாகக்கூட எழுதியிருக்கும். அந்த மனையின் எண் கையில் கிடைத்துவிட்டால் மேலே போவது சுலபம். அடுத்து, பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கு. ஆள் பெயரோடு 1841 முதல் 1921 வரை பார்க்கலாம். ‘விக்சுவலர்’, ‘இன்கீப்பர்’ என்று தொழில் போட்டிருந்தால் உரிமம் பெற்ற கடை. ‘பீர் ரீடெய்லர்’ என்று மட்டும் இருந்தால் அது வேறு ஜாதி. அதைக் கீழே சொல்கிறேன். யார்க்குக்கு இன்னொரு வசதியும் உண்டு. மைலுக்கு ஐந்து அடி என்ற பெரிய அளவில் ஆர்டனன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நில அளவைத் துறை) வரைந்து 1852-ல் வெளியான வரைபடம் இருக்கிறது. அதில் ஒவ்வொரு வீட்டின் சுவரும் தெரியும். பப்களுக்குப் பெயரோடு குறிப்பு இருக்கும். இன்றைய கட்டடத்தின் வடிவத்தை அதன் மேல் பொருத்திப் பார்த்தால், அதே சுவர்தானா, பின்னால் ஒட்டுப்போட்டதா என்று தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால் போனால் உரிமப் பதிவேடுகள்தான் துணை. 1552-ன் சட்டம்தான் தொடக்கம்: ஏல் (ஆங்கிலேயரின் பழைய வகைப் பீர்) விற்கும் கடை வைக்க இரண்டு மாஜிஸ்திரேட்டுகளின் அனுமதி வேண்டும், ஒழுங்காக நடத்துவேன் என்று பிணைப்பத்திரம் எழுதித் தர வேண்டும். 1753-க்குப் பின் அந்தப் பிணைகளைப் பதிவேட்டில் எழுதி வைப்பது கட்டாயமானது. 1828-ல் சட்டம் மாறியதும் அந்தக் கட்டாயம் போய்விட்டது. அதனால் பல ஊர்களில் 1753-1828 மட்டும் நன்றாகத் தெரியும், அதற்கு முன்னும் பின்னும் மங்கல். ‘1780-களில் இருந்து இருக்கிறது’ என்று பல பப்களுக்குச் சொல்வதன் ரகசியமும் இதுதான். அந்தக் காலத்தில் திறந்தார்கள் என்று அதற்குப் பொருளில்லை, அந்தக் காலத்துக் காகிதம் தப்பியது என்றுதான் பொருள். இன்னொரு சிக்கல்: ஆரம்பப் பதிவேடுகளில் ஆளின் பெயர் இருக்கும், கடையின் பெயர் இருக்காது. அப்போது வணிக டைரக்டரியையும் வரிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, இன்னார் இன்ன தெருவில் இருந்தார் என்று கோக்க வேண்டும். யார்க்கின் நகர ஆவணங்கள் மியூசியம் தெரு நூலகக் கட்டடத்திலேயே இருக்கின்றன.

மேலே விட்ட ‘பீர் ரீடெய்லர்’ விஷயம். ஜின் குடி பெருகிவிட்டது, மக்களைப் பீருக்குத் திருப்புவோம் என்று 1830-ல் ஒரு சட்டம் போட்டார்கள். வரி கட்டும் வீட்டுக்காரர் யாராக இருந்தாலும் ஆண்டுக்கு இரண்டு கினி (அன்றைய ஆங்கிலேயப் பணக் கணக்கு) செலுத்தினால் போதும், மாஜிஸ்திரேட்டைப் பார்க்காமலே வீட்டு முன்னறையில் பீர் விற்கலாம். ஆறே மாதத்தில் சுமார் 24,000 கடைகள் முளைத்தன. 1869-ல்தான் கடிவாளம் போட்டார்கள். ஆகவே ஒரு பப் இந்த நாற்பது ஆண்டுகளில் திறந்ததென்றால், கட்டடம் எவ்வளவு பழையதானாலும், அது பெரும்பாலும் யாரோ ஒருவரின் முன்னறையில் தொடங்கியதுதான். துறைமுகத் தெருக்களில் இவை ஏராளம். 1904-ன் சட்டம் வந்தபின் ‘தேவைக்கு மேல்’ என்று தோன்றிய கடைகளை, மற்ற கடைகளிடம் வசூலித்த தொகையிலிருந்து நஷ்டஈடு கொடுத்து மூடினார்கள். முதலில் மூடியதும் இந்தச் சின்னக் கடைகளைத்தான்.

இனி வெள்ளம். ஊஸ் ஆறு யார்க்ஷயர் மலைப்பள்ளத்தாக்குகளின் தண்ணீரை ஸ்வேல், யூர், நிட் ஆறுகள் வழியாக வாங்கிக்கொண்டு வருகிறது. மலையில் கொட்டிய மழை யார்க்குக்கு வந்து சேர ஒரு நாள் அளவாவது ஆகும். ஊரில் வெயில் அடிக்கும், ஆறு ஏறிக்கொண்டிருக்கும். இந்தத் தாமதம்தான் பப்பின் உயிர்நாடி. திடீரெனப் பாயும் வெள்ளமாக இருந்தால் இந்தக் கடையை யாராலும் நடத்த முடியாது.

வாசலுக்கு அருகே உள்ளே வெள்ளமட்டப் பலகை இருக்கிறது. எந்த ஆண்டில் தண்ணீர் எதுவரை ஏறியது என்ற குறிகளோடு. 2000 நவம்பரில் ஆறு வழக்கமான மட்டத்துக்கு மேல் 5.4 மீட்டர் உயர்ந்தது. நவீன அளவீட்டில் அதுதான் உச்சம். 2015 டிசம்பரில் 5.2 மீட்டர். 1947 மார்ச்சில் பனி உருகி வந்ததும், 1982 ஜனவரியில் வந்ததும் 5 மீட்டரை ஒட்டியவை. இங்கே எல்லோரும் ஒரு தவறு செய்கிறார்கள்: 5.4 மீட்டர் என்றதும் பப்புக்குள் அத்தனை உயரம் நின்றதாக எழுதிவிடுகிறார்கள். அந்த அளவு ஆற்றின் சாதாரண மட்டத்திலிருந்து எடுப்பது. கரையும் பப்பின் தரையும் அந்த மட்டத்துக்கு வெகு மேலே இருக்கின்றன. மீதிதான் உள்ளே வரும். அதுவே ஆள் மூழ்கப் போதும் என்பது வேறு விஷயம். பழைய நூற்றாண்டு வெள்ளங்களோடு ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். பாலம் மாறியிருக்கிறது, ஓதம் நின்றிருக்கிறது. அதே உயரக் குறி அதே அளவு தண்ணீரைச் சொல்லாது.

சுவர் கட்டித் தடுக்கலாமே என்று கேட்கலாம். 1982-க்குப் பிறகு யார்க்கின் பல பகுதிகளுக்குக் கரைகளும் வெள்ளக் கதவுகளும் வந்தன. ஊஸ் வெள்ளம் தன்னோடு வந்து சேரும் ஃபாஸ் என்ற துணையாற்றுக்குள் பின்னோக்கி ஏறாமலிருக்க 1980-களின் கடைசியில் ஃபாஸ் தடுப்பு மதகும் வந்தது. மதகை இறக்கினால் ஃபாஸ் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கும். அதைப் பம்புகள் இறைத்து ஊஸில் தள்ள வேண்டும். 2015 பாக்ஸிங் டே (டிசம்பர் 26) அன்று பம்புகளின் திறனைத் தாண்டித் தண்ணீர் வந்து, மின்சாதனங்கள் இருந்த கட்டடத்துக்குள்ளேயே நுழைந்தது. மதகு மூடிய நிலையில் கரண்ட் போனால் இன்னும் மோசம் என்று அதைத் தூக்கிவிட்டார்கள். நூற்றுக்கணக்கான வீடுகளில் தண்ணீர் புகுந்தது. கிங்ஸ் ஸ்டெய்த்துக்கு இந்தக் காப்பு எதுவும் பொருந்தாது. அது ஆற்றோடு முகம் பார்த்து நிற்கும் படகுத்துறை. அங்கே சுவர் எழுப்பினால் துறையே போய்விடும். ஆற்றின் அகலத்தையும் குறுக்கும். எனவே அந்த இடம் மூழ்குவதை ஒப்புக்கொண்டு வாழ்கிறார்கள். என் கணிப்பில் அதுதான் மலிவான வழியும்கூட.

ஒப்புக்கொண்டு வாழ்வதன் அடையாளம், பீர் வைக்கும் இடம். ஆங்கிலேயப் பப் என்றால் பீப்பாய்கள் நிலவறையில் இருக்கும். தெருவோரப் பலகைக் கதவைத் திறந்து உருட்டி இறக்குவார்கள். கையால் இழுக்கும் பம்பு பீரை மேலே கொண்டு வரும். கிங்ஸ் ஆர்ம்ஸில் பீர் அறை மேல்தளத்தில் இருக்கிறது. கேட்கச் சுலபம், செய்யப் பல தலைவலி. நிலவறைக்கு இயற்கையாகவே குளிர்ச்சி உண்டு. பீப்பாயில் பக்குவமாகும் ஏலுக்கு 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வேண்டும். கூரைக்குக் கீழே உள்ள அறை கோடையில் கொதிக்கும், அதனால் குளிர்சாதனம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிரம்பிய 50 லிட்டர் கெக் (கேஸ் அழுத்தத்தில் பீர் அடைத்த உலோகப் பீப்பாய்) ஒன்று 60 கிலோவுக்கு மேல். பத்து கெக் அடுக்கினால் பழைய மரத்தளத்தின் மேல் 600 கிலோ ஏறும். அவற்றை உத்தரத்தின் நடுவில் வைக்காமல் சுவரோரம் வைப்பதே சரி.

அடுத்தது அழுத்தம். பீர் மேலிருந்து கீழே வரும்போது ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சுமார் 0.1 பார் அழுத்தம் கூடும். மூன்று மீட்டருக்கு 0.3 பார். குழாயைத் திறந்தால் நுரையாகக் கொட்டும். கேஸைக் குறைத்தால் சரியாகுமே என்று புதிதாக வருபவர்கள் கேஸ் அழுத்தத்தைக் குறைப்பார்கள். இரண்டு நாளில் பீரில் கரைந்த வாயு வெளியேறி, கெக்கே சப்பென்று ஆகிவிடும். கேஸை விட்டுவிட்டு, குழாய் முனையில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் திருகைத்தான் இறுக்க வேண்டும். கைப்பம்பு ஏலுக்கு இன்னொரு ஆபத்து: பீப்பாய் மேலே இருப்பதால் பம்பை இழுக்காமலே பீர் தானாக வழியும். இழுத்தால் மட்டும் திறக்கும் வால்வு ஒன்றை இடையில் போடாவிட்டால், காலையில் வந்து பார்க்கும்போது தட்டு நிறைய ஏலும் காலிப் பீப்பாயும்தான் மிச்சம்.

எச்சரிக்கை வந்ததும் இப்படிப்பட்ட கடையில் செய்யும் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. நாற்காலி, மேசை, மிதியடி, கல்லாப்பெட்டி எல்லாம் மேலே. காலிப் பீப்பாய்களை வெளியிலோ கீழேயோ விடக் கூடாது. அவை மிதந்து சுழன்று கதவையும் ஜன்னலையும் இடிக்கும். நிரம்பியவை அவ்வளவு எளிதில் நகராது. கேஸ் சிலிண்டர்களைச் சுவரோடு சங்கிலியால் கட்ட வேண்டும். கீழ்த்தளத்தின் மின்சுற்றைத் தனியாக அணைக்க வேண்டும். மின்கம்பிகள் கூரையிலிருந்து இறங்கி இடுப்புக்கு மேலேயே ஸ்விட்சில் முடிந்தால் அது ஐந்து நிமிட வேலை. மூடிய கதவில் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் அடிப்பகுதியில் சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம். ஆகவே ஆழமான வெள்ளத்தில் கதவடைத்துப் போராடுவது கட்டடத்துக்குத்தான் கேடு. உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டம் நிற்கட்டும் என்று விட்டுவிட்டால் சுவர் தப்பும். பம்பு போட்டு அவசரமாக இறைப்பதிலும் இதே ஆபத்து. வெளியே வடிந்தபின், படிப்படியாகத்தான் இறைக்க வேண்டும்.

தண்ணீர் வடியும்போதே சேற்றைக் கழுவித் தள்ளிவிட வேண்டும். காய்ந்தால் சிமெண்ட் மாதிரி ஒட்டிக்கொள்ளும். சாக்கடை கலந்த சேறு வேறு. வெள்ளநீர் தொட்ட பீர், குழாய், இணைப்பு எதையும் கழுவித் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. பிறகு உலர்த்தல். இங்கேதான் பழைய கட்டடம் ஜெயிக்கிறது: கல்தரை, செங்கல், சுண்ணாம்புச் சாந்து, ஓக் உத்தரம் எல்லாமே நனைந்து காய்ந்து பழகியவை. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். யாரோ இடையில் ஜிப்சம் பூச்சோ சிமெண்ட் பூச்சோ போட்டிருந்தால், முன்னது ஊறி உதிரும், பின்னது ஈரத்தைச் சுவருக்குள் அடைத்து உப்புப் பூக்க வைக்கும். பெரிய ஹீட்டர் வைத்து இரண்டு நாளில் உலர்த்தப் பார்ப்பதும் தப்பு. மேற்பரப்பு மட்டும் காய்ந்து, உத்தரம் வெடிக்கும். ஜன்னலைத் திறந்து, மிதமான சூட்டோடு காற்றோட்டம் விடுவதே வழி. கல்தரையும் வெறும் சுவரும் உள்ள கடை சில நாட்களில் வாசலைத் திறக்கும். கம்பளமும் பிளைவுட் கவுண்டரும் போட்ட பக்கத்துக் கடை பல மாதம் மூடிக் கிடக்கும்.

இந்தப் பப்பின் உரிமையாளர் சாமுவேல் ஸ்மித் என்ற பீர் தயாரிப்பு ஆலை. யார்க்குக்குத் தென்மேற்கே டாட்காஸ்டரில் 1758-ல் தொடங்கியது. இன்றும் சொந்தமாகப் பீப்பாய் செய்பவரை வைத்து மரப்பீப்பாயில் ஏல் நிரப்பும் இடம். பப்களில் இசை கிடையாது, தொலைக்காட்சி கிடையாது, 2019-ல் செல்போனுக்கும் தடை போட்டார்கள். சிலருக்கு எரிச்சல், சிலருக்கு நிம்மதி. டாட்காஸ்டரும் ஆற்றங்கரை ஊர்தான், வார்ஃப் ஆறு. 2015 டிசம்பரில் யார்க்கில் பப் மூழ்கிக் கிடந்த அதே வாரம், 29-ஆம் தேதி, டாட்காஸ்டரின் பழைய பாலத்தில் ஒரு பகுதி வார்ஃப் வெள்ளத்தில் இடிந்து விழுந்தது. ஊர் இரண்டு துண்டானது. பாலம் மறுபடி திறக்க 2017 பிப்ரவரி ஆயிற்று. கிங்ஸ் ஆர்ம்ஸோ அதற்கு வெகு முன்பே கல்தரையைக் கழுவிவிட்டுத் திறந்துவிட்டது.